பேர், ஊர் கேட்க மாட்டோம்

எங்கள் தையல் கடையில் அவளுக்குப் பேர் பொத்தான். காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை, அதனால் முதலாளி வைத்த பேர். வாய்க்கும் சேர்த்துத்தான் பொத்தான் போட்டிருக்கிறாள் என்று நான் கிண்டல் செய்வேன். துணி வெட்டிக்கொண்டே நாளெல்லாம் தொண்டை வறளப் பேசுகிறவன் நான். அவளிடமிருந்து ஒரு "உம்" வந்தால் பெரிது. ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம், மாடியில் நானும் மனைவியும், கீழே அவளும் தம்பியும்.

தம்பி பால்குடி மறப்பதற்குள் அம்மா போய்விட்டாள். அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றினால் அவருக்கு ஒரு முதுகு வேண்டும். மாடிப்படிக்கு அடியில் பலகைக் கதவு போட்ட ஒரு பொந்து உண்டு. செருப்புச் சத்தம் கேட்டதும் தம்பியை அதற்குள் தள்ளி, முன்னால் பழந்துணி மூட்டையைச் சாய்த்துவிடுவாள்.

"எங்கடி அவன்?"

"ஊருக்குப் போயிருக்கான்ப்பா."

எந்த ஊர் என்று கேட்கும் நிதானம் அவருக்கு இருந்ததில்லை. அடி இவளுக்கு விழும். அப்படித்தான் அந்தப் பொந்துக்கு ஊர் என்றே பேர் வந்தது. அப்பாவும் போன பிறகு அந்தப் பேர் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். தினமும் அந்தப் படியில் ஏறி இறங்கிய எனக்கே தெரியாது. எல்லாம் பின்னால் அவள் சொன்னதுதான்.

தம்பி வேலை வெட்டி இல்லாமல் வளர்ந்தான். அவள் கொடுத்த செல்லம். நான் சொல்லிப் பார்த்தேன், செவிடன் காதில் ஊதிய கதைதான்.

கேபிள் கிடங்கில் யாரோ செம்புக் கம்பியைத் திருடினார்கள். தடுத்த காவலாளியின் மண்டையில் அடித்துவிட்டுப் போனார்கள். மனிதர் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். எங்கள் கடைக்கு வந்து போகிறவர், சாது. பஸ் நிறுத்தமெல்லாம் போலீஸ் நோட்டீஸ் ஒட்டினார்கள்: "தெரிந்ததைச் சொல்லுங்கள். பேர், ஊர் கேட்க மாட்டோம்." கீழே ஒரு போன் நம்பர்.

அந்த வாரம் பழந்துணி எடுக்கப் போனவள் பலகைக் கதவைத் திறந்தாள். உள்ளே செம்புச் சுருள்கள். மேலே ஒரு டார்ச் லைட். அதன் கைப்பிடியில் இருந்த துணி வார், காவலாளிக்கு அவளே தைத்துக் கொடுத்தது.

"ஒருத்தன் வைக்கக் குடுத்தான். நீ அதைத் திறக்காதக்கா," என்றான் தம்பி. அவளும் திறக்கவில்லை, கதவையும் வாயையும்.

பிறகு காவலாளியின் மனைவி கடைக்கு வந்தாள். கையில் அவருடைய காக்கிச் சட்டை.

"இனிமே அந்த வேலைக்கு நான்தான் போகணும். எனக்கு அளவா சின்னதாக்கிக் குடுங்க."

பொத்தானிடம்தான் தையலைப் பிரிக்கக் கொடுத்தேன். ஒரு கையைப் பிரித்தவள் சட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மருந்துக் கடையில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது.

"பயப்படாதீங்கம்மா, பேரெல்லாம் வேண்டாம்," என்றதாம் எதிர்முனைப் பெண்குரல். "பொருள் எங்க இருக்கு?"

வீட்டு அடையாளம் சொல்லிவிட்டு, "ஊர்ல இருக்கு," என்றாள் பழக்க தோஷத்தில்.

"எந்த ஊர்ல?"

"இல்ல, மாடிப்படிக்கு அடியில. அதை ஊர்னுதான் சொல்லுவோம்."

அந்த ஆபீசில் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டுமாம். எழுதிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் போலீஸ் வந்து, சாட்சிக்கு என்னைக் கீழே கூப்பிட்டது. தம்பி குதித்துக்கொண்டிருந்தான்.

"எவன் சொன்னான்? தைரியம் இருந்தா என் முன்னால வந்து சொல்லச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "இந்த வீட்டுல ஊர்னு ஒரு இடம் இருக்காமே. அது எது?"

தம்பியின் சத்தம் நின்றது. மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே போய் மூட்டையை நகர்த்தினான்.

பேர் வெளியே வராது என்றார்கள், வரவில்லை. ஊரை வெளியே விட்டுவிட்டார்கள் படுபாவிகள். அந்த இன்ஸ்பெக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவருக்கு என்ன தெரியும்.

அடித்தது தானில்லை, கூட வந்தவன் என்கிறான் தம்பி. வழக்கு நடக்கிறது. காவலாளியின் மனைவிக்கு அந்தச் சட்டையைப் பொத்தான்தான் முடித்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை.

சிறையில் தம்பியைப் பார்க்க மனுப் போட்டு, துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் நின்றோம். கடைசியில் வார்டர் மட்டும் வந்தார்.

"வரமாட்டேங்கிறான்மா. ஊருக்குப் போயிட்டானாம், உங்க கிட்டச் சொல்லச் சொன்னான்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உள்ள இருக்கிறவன் எந்த ஊருக்குப் போவான்?"

"உம்," என்றாள் பொத்தான்.

திரும்பும் பஸ்ஸில்தான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.