கிட்டார் மாஸ்டருக்குப் பிக்கப் வைத்த கதை

ஞானப்பிரகாசத்துக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் இந்த உண்மை இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். ஒன்று அவர், மற்றது கோயிலில் இருக்கும் அந்தோனியார்.

மற்றவர்களுக்கு அவர் கிட்டார் மாஸ்டர். குற்றம் முழுக்க அவருடையது என்று சொல்லிவிட முடியாது. மாற்றலாகிப் போன தோட்டத்துத் தொரை ஒருவர், லொறியில் இடமில்லாமல், சாமான் ஏற்ற வந்த இவர் கையில் கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு லயத்து வீட்டு வரிசை வழியாக நடந்ததுதான் பிழை. "அடி ஆத்தே, ஞானத்துக்கு கிட்டாரெல்லாம் வாசிக்கத் தெரியுமா!" என்று வாசல்தோறும் வாய் பிளந்தார்கள். ரப்பர் பால்வெட்டுக்காரனை அதற்கு முன் யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? மனுஷன் மறுக்காமல் சிரித்துவைத்தார். அடுத்த ஞாயிறே பாடகர் குழுவில் நிறுத்திவிட்டார்கள்.

அங்கே பிழைப்பதொன்றும் கஷ்டமாக இல்லை. ஒரு பக்கம் நிரோஷாவின் கீபோர்ட், மறுபக்கம் டோலக், நடுவில் தொண்டை கிழியப் பாடும் பெண்கள். இவர் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கண்ணை மூடி, கையை மேலும் கீழும் ஆட்டுவார். சோகப் பாட்டென்றால் மெதுவாக ஆட்டுவார். அப்படியே வருஷங்கள் ஓடின, மாஸ்டர் என்ற பேர் நிலைத்துவிட்டது. அந்தப் பேர்தான் அவருக்கு இருந்த ஒரே சொத்து.

அந்த வருஷத் திருநாளுக்கு முன்னால்தான் வந்தது வினை. பாடகர் குழுவை நடத்தும் நிரோஷா, தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர், ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள்.

"மாஸ்டர், இது பிக்கப். கிட்டார் உள்ளுக்கு ஒட்டி, வயர ஸ்பீக்கர் செட்டுல குடுத்தா கீழ் டிவிஷன் வரைக்கும் கேக்குமாம். இவ்வளவு காலம் ஒங்க வாசிப்ப ஒருத்தரும் ஒழுங்கா கேட்டதே இல்லையே. நாங்க எல்லாரும் சேந்து வாங்கினோம்."

ஞானப்பிரகாசம் பெட்டியை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எதுக்குமா இதெல்லாம்? சாமிக்கு கேட்டா போதாதா?" என்றார். அந்தப் பேச்சையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தெஹியோவிட்ட பஜாரில் ரேடியோ முதல் ரைஸ் குக்கர் வரை திருத்தும் ஸஹாப்தீன் நானாவிடம் கிட்டார் போனது. மாஸ்டரும் கூடவே போனார், எப்படியாவது கெடுத்துவிடலாம் என்று.

"நானா, ஓட்ட போட்டா பலகை வெடிச்சிரும்."

"எனக்கு விடுங்க மாஸ்டர்" என்று நானா அடிப்பக்கத்தில் துளை போட்டே விட்டார். பலகை வெடிக்கவில்லை. கம்பி கட்டியிருக்கும் கட்டைக்கு நேர் உள்ளே பிக்கப்பின் வட்டத் தகட்டை ஒட்ட வேண்டும். நானாவின் கை கிட்டார் வாய்க்குள் நுழையவில்லை. மாஸ்டருக்கு உயிர் வந்தது. "அப்ப சரிவராது, விடுங்க நானா" என்று எழுந்தார்.

"மகள், இங்க வாங்க!"

ஸாஹிரா வந்தாள். ஒல்லிக் கையை உள்ளே விட்டாள், ஒட்டினாள், வயரைத் துளை வழியே இழுத்தாள். தொங்கிக் கிடந்த கம்பிகளைத் தொட்டுப் பார்த்தவள் மாஸ்டரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் இறுக்கிவிட்டாள்.

இனி கரண்ட் போனால்தான் உண்டு. அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றி மன்றாடினார். காற்றடித்தாலே கரண்ட் போகும் தோட்டம் அது. திருநாளன்று மழை கொட்டியது, இடி இடித்தது, லைட் ஒரு தரம் கண் சிமிட்டக்கூட இல்லை. ஃபாதர் பீடத்தில் ஏறி, கரண்ட்டுக்காகப் புனிதருக்கு நன்றி வேறு சொன்னார்.

வருகைப் பாட்டுத் தொடங்கியது. பதற்றத்தில் மாஸ்டர் கம்பிகளைத் தளர்த்த மறந்திருந்தார். பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக் கையை இறக்கினார். லயத்துத் தகரத்தில் பலாக்காய் விழுந்தது போல ஒரு சத்தம். பயத்தில் கை நிற்கவில்லை, பலாக்காய்கள் தொடர்ந்து விழுந்தன. குழந்தைகள் அலறின. டோலக்குக்காரன் தாளத்தைக் கைவிட்டான். நிரோஷா பாய்ந்து வயரைப் பிடுங்கிய பிறகுதான் பூசை நடந்தது.

தீர்ந்தது கதை, இனி இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று ஞானப்பிரகாசம் தூணோரம் ஒடுங்கி நின்றார். ஆனால் வெளியே வந்த சனம் வேறு ஆளைத் திட்டிக்கொண்டிருந்தது.

"அந்த நானா மாஸ்டர் கிட்டார நாசமாக்கிட்டாரு! இனிமே ஒரு டோர்ச்கூட அவருகிட்ட குடுக்கக் கூடாது!"

மறுநாள் நிரோஷாவும் குழுவில் சிலரும் கிட்டாரையும் மாஸ்டரையும் த்ரீவீலில் அள்ளிப்போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்கள். ஸஹாப்தீன் கிட்டாரைச் செட்டில் மாட்டித் தட்டிப் பார்த்தார். சுத்தமான சத்தம். மனுஷன் முகம் வெளிறிப்போனது. "எங்க பிழை ஈக்குதுன்டு வெளங்குதில்லயே" என்று மறுபடி மறுபடி தட்டினார்.

ஞானப்பிரகாசத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் பேருக்காக இன்னொருத்தன் பேர் போவதா?

"நானா மேல பிழை இல்ல" என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. இவ்வளவு காலமும் சும்மா கையத்தான் ஆட்டினேன்."

நிரோஷாவின் கண்கள் நிறைந்தன.

"பாத்தீங்களா? நானாவக் காப்பாத்த தன்னோட பேரையே கெடுத்துக்கிறாரு!"

"இல்லம்மா, சத்தியமா..."

"ஒங்க மனசு யாருக்கும் வராது மாஸ்டர்!"

ஸஹாப்தீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பிழை என்ட மேலதான் மாஸ்டர். எனக்காக நீங்க பொய் சொல்ல வாணாம்" என்று அழுதேவிட்டார்.

திருத்துவதாகச் சொல்லிக் கிட்டாரை உள்ளே கொண்டுபோன ஸாஹிரா திரும்பக் கொடுக்கும்போது மெல்லச் சொன்னாள்: "உள்ளுக்கு வயர வெட்டிட்டேன் மாமா. வெளிய தெரியாது."

அடுத்த ஞாயிறு வயர் மாட்டப்பட்டது. மாஸ்டர் ஸாஹிரா இறுக்கிய கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கண்ணை மூடிக் கையை ஆட்டினார். பூசை முடிந்ததும் நிரோஷா ஓடி வந்தாள். "இப்பதான் மாஸ்டர் ஷோக்கா, தெளிவா கேக்குது!" ஃபாதரும் தலையாட்டினார்.

வீட்டுக்கு ஏறும் வழியில் ஞானப்பிரகாசம் புலம்பினார். "வாழ்க்கையில ஒரு தரம் உண்மைய சொன்னேன் சூசை. ஒரு சனம் நம்பல."

முன்னால் நடந்த மனைவி சூசையம்மா திரும்பினாள்.

"நான் நம்புறேங்க" என்றாள். "நீங்க மொத நாள் வாசிச்சப்பவே நம்பிட்டேன்."

அவ்வளவு உறுதியாக நம்ப வேண்டுமா என்று மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது.