மெட்டில்டாவின் சிடி

பலாங்கொடையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருஷமாக ரிப்பேர் வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லி என்ன பயன்? செய்த மடத்தனம் ஒன்றைச் சொல்கிறேன்.

1. நான் சொன்ன தீர்ப்பு

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆட்கள். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் ஸ்டெல்லா, சீலைத் துண்டில் சுற்றிய ஒரு வீடியோ சிடியைக் கொண்டுவந்து நீட்டினார். மகள் மெட்டில்டாவின் ஞானஸ்நானத்தன்று எடுத்தது. அடுத்த வருஷமே கணவர் அந்தோனி காய்ச்சலில் போய்விட்டார். லயம் என்கிற தோட்ட வரிசை வீட்டில் அவருடைய போட்டோ இரண்டு உண்டு. குரல் இந்த சிடியில் மட்டும்தான். மகளுக்கு விவரம் தெரியும் முன்பே வீட்டு பிளேயரும் பழுதாகிவிட்டதாம்.

"வாற திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழம புள்ள கொழும்புக்கு கார்மெண்ட் வேலைக்குப் போறா அண்ணே. அவ அப்பா கொரல ஒருக்கா கேட்டுட்டுப் போகட்டும்."

டிரைவில் போட்டேன். சுற்றியது, இழுத்தது, நின்றது. ரீட் எரர். மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து இரண்டு தடவை போட்டும் அதே கதைதான். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"டிஸ்க் செத்துப்போச்சு தங்கச்சி. உள்ளுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. "ஒண்ணுமே இல்லையா அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2. குற்றவாளி அகப்பட்டது

செவ்வாய்க்கிழமை ஒரு டீச்சர் புத்தம்புது டிஸ்க் கொண்டுவந்தார். அதே இழுப்பு, அதே ரீட் எரர். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லென்ஸைத் துடைத்தேன், சரிவரவில்லை. ஸ்டோரில் கிடந்த பழைய மெஷினின் டிரைவைக் கழற்றி மாட்டியதும் டீச்சரின் டிஸ்க் உடனே ஓடியது. என் டிரைவின் லேசர்தான் தளர்ந்திருந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

ஸ்டெல்லாவின் போன் நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை. தோட்டத்து பஸ் கண்டக்டரிடம் சிங்களத்தில் அடையாளம் சொல்லிக் கேட்டேன். அவருக்கு ஆளைத் தெரிந்திருந்தது. எனக்குக் கிடைத்த லீவு ஞாயிறு ஒன்றுதான். அந்தப் பழைய டிரைவையும் அதை இணைக்கும் கேபிளையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். மறுநாள் அந்தப் பிள்ளை போய்விடும் என்ற நினைப்பு வழி முழுக்க என்னைத் தின்றது.

3. போஞ்சிப் பாத்தி

லயத்துக்குப் பின்னால் பீன்ஸ் கொடி படர்ந்த போஞ்சிப் பாத்தி. குருவி வராமலிருக்க நட்ட கம்பில் நூல் கட்டி, அந்த சிடி தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சிடிகளை இப்படித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வார வெயிலும் மழையும் அதன் மேல் பட்டிருந்தன.

"பொட்டிக்குள்ள வெக்க மனசு கேக்கல அண்ணே" என்றார் ஸ்டெல்லா. "இந்தப் பாத்தி அவரு வெட்டுனது. உள்ளுக்கு ஒண்ணும் இல்லாட்டியும், இங்கன காத்துக்கு ஆடட்டும்னு கட்டுனேன்."

பிழை சிடியில் இல்லை, என்னிடம்தான் என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் நூலை அவிழ்த்துத் தந்தார்.

சிடியில் பதிவு இருப்பது பேர் எழுதும் பக்கத்துத் தோலுக்கு அடியில். அந்தத் தோல் ஓரமாக உரிந்திருந்தது. உரிந்த இடத்தை யாராலும் மீட்க முடியாது. ஆனால் பதிவு நடுவிலிருந்து தொடங்கித்தான் வெளியே போகும். டிரைவின் வேகத்தைக் குறைத்து, வாசிக்காத இடங்களைத் தாண்டித் தாண்டி காப்பி எடுத்தேன். ஸ்டெல்லா வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. கேக் வெட்டியதும் சொந்தக்காரர்கள் ஆடியதும் போய்விட்டன. தொடக்கம் வந்தது.

கோயில் வாசல். வெள்ளைச் சட்டையில் அந்தோனி, கையில் குழந்தை.

"பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீங்க?" என்று பாதர் கேட்கிறார்.

"மெட்டில்டா" என்கிறார் அந்தோனி, தேவைக்கு மேல் சத்தமாக.

என் பக்கத்தில் நின்ற மெட்டில்டா, "என்னாங்கப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டெல்லா இன்னொரு தடவை போடச் சொன்னார். ஏழு தடவை போட்டேன். மெட்டில்டாவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

ரீட் எரர் வந்தால் வேறொரு டிரைவில் போட்டுப் பார்க்காமல் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். இது எனக்கு முதல் வருஷமே தெரியும். தெரிந்தும் செய்யவில்லை.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது இறந்துபோனார். அவர் என்னைக் கூப்பிட்ட குரல், எவ்வளவு யோசித்தாலும் காதில் வருவதில்லை. அந்தக் குரல் இருக்கும் ஒரு சிடி என் கையில் இருந்திருந்தால், ஒரே டிரைவில் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்திருப்பேனா?