எட்டு இரவு சோபா

“காலைத் தொடாதீங்கடா!” என்று கத்தினார் வெர்லின். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் அவரைப் பாலத்தடியிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். குளிரில் இடது கால் விரல்கள் கறுத்திருந்தன.

“தம்பி, ரூமு குடுக்கற ஆபீஸ்லேர்ந்து இனெஸ் பொண்ணு இந்த மாசம் இன்னும் வரல. நான் இங்க படுத்திருக்கறத அது கண்ணால பாக்கணும். இல்லன்னா ரூமு போச்சு.”

“அடிக்கடி வர்றீங்க பெரியவரே. வண்டிய உங்க பேருக்கே எழுதி வெச்சிரலாம்” என்றான் வண்டி ஓட்டும் ட்வெய்ன். “இந்த ஒரு சவாரிக் காசுல ரெண்டு மாச வாடகை கட்டலாம்.”

“அத ஏன்டா என்கிட்ட சொல்ற? கொடுக்கறவன்கிட்ட போய்ச் சொல்லு.”

டென்வர் தெருக்களில் பனி வாரும் லாரி ஓட்டியவர் வெர்லின். இடுப்பு போனது, வேலை போனது, வீடும் போனது. தெருவில் கிடப்பவர்களுக்கு நிரந்தரமாக அறை கொடுக்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு மாதம் விடாமல் தெருவில் கிடந்தால் அறை. கிடப்பதை மாதாமாதம் ஊழியர் நேரில் பார்க்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் பதினோராவது மாதம் நடந்துகொண்டிருந்தது. தங்கை ஒடெஸா வந்து அவரைக் கையோடு இழுத்துப் போனாள். எட்டு இரவு அவள் சோபாவில் படுத்தார். கூடுதல் ஆளுக்கு இடமில்லை என்று வீட்டுச் சொந்தக்காரன் முறைத்ததும் தானே கிளம்பிவிட்டார். அலுவலகத்தில் அதை மறைக்கத் தோன்றவில்லை. தங்கை சூப் வைத்துக் கொடுத்ததைக்கூடப் பெருமையாகச் சொன்னார்.

“அப்ப உங்களுக்கு வீடு இருந்திருக்கு” என்றான் மேசைக்காரன். “ஏழு இரவுக்கு மேல போயிருச்சு சார். மறுபடி முதல் மாசம்.”

“சோபா வீடாய்யா?”

மேசைக்காரன் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதினான். ஆம்புலன்ஸுக்கும் அவசரப் பிரிவுக்கும், குடித்துவிட்டு விழுந்தால் லாக்கப்புக்கும் நகரம் வாய் பேசாமல் பணத்தை அள்ளிக் கொடுத்தது. அவற்றுக்கு யாரும் சாட்சி கேட்டதில்லை. ஒரு சாவிக்குத்தான் சாட்சி வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டிலருகே ஒடெஸா உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுக்கு வாண்ணா. சொந்தக்காரன் மூஞ்சிய நான் பாத்துக்கறேன்.”

“வந்தா திரும்ப முதல்லேர்ந்து. இப்பத்தான் பத்து மாசம் தேறியிருக்கு.”

“இங்க படுத்திருக்கியே, இது கணக்குல வராதா?”

“ஆஸ்பத்திரில படுத்தா கழிக்க மாட்டாங்க. உன் வீட்ல படுத்தாத்தான் கழிப்பாங்க.”

“அட நாசமாப் போறவனுங்களா! விரல் போச்சேண்ணா.”

“விரல் போனா போகட்டும். மாசம் போகல.”

ஒடெஸா கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கதவு வரை போய்த் திரும்பி வந்து தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி அவர் கட்டில்மேல் வைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி டாக்ஸிக்குப் பணம் கட்டி அவரைப் பாலத்தடியில் இறக்கியது. அவருடைய கூடாரத்தை நகராட்சி லாரி காலையிலேயே அள்ளிக்கொண்டு போயிருந்தது. பக்கத்து ஆளிடம் அட்டை வாங்கி விரித்துப் படுத்தார். சாயங்காலம் இனெஸ் வந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். வெர்லின் தெருவில்தான் படுத்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டாள். அவள் போனபின் பனி விழத் தொடங்கியது.