காஸ் குழாயில் சுற்றிய கம்பி

மாயெபாஷி நகரில் பஸ் ஓட்டும் நெகிஷிக்கு ஒரே ஒரு பைத்தியம், கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பது. கரண்டோடு சேர்ந்து வரும் இரைச்சல் மட்டும் அவர் மண்டையைக் குடைந்தது. அடாப்டரைத் தூக்கியெறிந்துவிட்டு, செங்கல் கனத்தில் டிரான்ஸ்பார்மர் போட்டுத் தானே ஒன்று செய்தார். பாதி இரைச்சல் போயிற்று. மீதிக்கு எர்த் வேண்டும். அவர் அறையில் பிளக்குக்கு இரண்டே ஓட்டை, எர்த்துக்கு ஓட்டை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு பச்சைக் கம்பியை அங்கே இழுத்துக் காஸ் குழாயில் சுற்றினார். இரைச்சல் அடங்கிவிட்டது.

மறுநாள் டிப்போவில் மதியம் சாப்பிடும்போது தோயாமாவிடம் பீற்றிக்கொண்டார். அவனும் டிரைவர், அதே பைத்தியம்.

"எர்த் எங்கய்யா எடுத்தே?"

"காஸ் குழாய்ல."

தோயாமா நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "கிறுக்கா உனக்கு? மின்னல் கரண்ட் லைன்ல இறங்கினா நேரா குழாய்க்குத்தான்யா போகும்! காஸ் வெடிச்சா பாட்டுக் கேக்கக் காது மிஞ்சாது."

அகாகி மலை மேல் வானம் கறுத்துக் கிடந்தது. கோடையில் அந்த ஊரில் இடி இல்லாத சாயங்காலம் குறைவு. நெகிஷி வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி ஃபுசாயே எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

"உன் வண்டிய நான் எடுக்கறேன், ஓடு!" என்றான் தோயாமா. மேனேஜரிடமும் அவனே பேசிக்கொண்டான்.

சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது, ஃபுசாயே எண்ணெய்ச் சட்டியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப அணை!"

"என்னங்க ஆச்சு? போன் எண்ணெய்ச் சத்தத்துல கேக்கல."

அவரே அணைத்தார், காஸ் வால்வை மூடினார், ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து கம்பியில் கைவைக்கப் போனார். ஜன்னல் வெளுத்தது. அடுத்த மூச்சில் இடி. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிர்ந்தன. நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டது.

"தொடாதீங்க!" சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எதுவா இருந்தாலும் அப்புறம். வெளிய வாங்க."

எதிர்க் கடையில் போய் நின்றார்கள். மழை கொட்டியது. ஒவ்வொரு மின்னலுக்கும் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார் நெகிஷி. விஷயத்தைச் சொல்லச் சொல்ல ஃபுசாயேவின் முகம் வெளிறியது.

"நான் அடுப்புல நிக்கறேன், நீங்க இரைச்சலப் பாத்தீங்களா?"



இடி மலைக்கு அப்பால் ஒதுங்கிய பிறகு உள்ளே போனார்கள். கம்பியை அவிழ்க்க நாலு தடவை முயன்றார், முடியவில்லை. கடைசியில் ஃபுசாயே அவிழ்த்தாள், சுருட்டி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு எலக்ட்ரீஷியன் வந்து தோட்டத்து மண்ணுல எர்த் போடட்டும். அதுவரைக்கும் இரைஞ்சா இரையட்டும்."

"சரி," என்றார் நெகிஷி.