மயிர்க்கொட்டியும் கலியாணக் கோழிகளும்

உடுவிலில் ஒரு ரீச்சர் வீட்டில் கலியாணம். வளவு துப்புரவாக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது ரீச்சரின் புருஷன், மாஸ்டர், கோடரியோடு முருங்கையடியில் நின்றார். அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டிப் புழு. பக்கத்திலேயே கிடுகுப் பந்தல். ஆட்கள் மேல் விழுந்தால் சொறி, தடிப்பு.

“தறிச்சு விடு, கணேசு,” என்றார் மாஸ்டர்.

குசினிக்குள் இருந்து ரீச்சர் சொன்னார்: “குருநகரிலை நண்டுக்குச் சொல்லியாச்சு. முருங்கை இலை போடாமல் நண்டுக்கறியோ? அதுக்குக் கலியாணத்தையே நிப்பாட்டுங்கோ.”

மரம் தப்ப வேண்டுமானால் புழு போக வேண்டும்.

1. அடிமரம்

மயிர்க்கொட்டி இரவில் ஏறி இலை தின்னும். பகலில் இறங்கி, கம்பளி போர்த்தியதுபோல அடிமரத்தில் ஒட்டிக் கிடக்கும். அதுதான் நமக்கு வசதி. வழக்கமாக ஓலைச் சூள் கொளுத்திப் பிடிப்போம். கிடுகு ஓலைக்குப் பக்கத்தில் அது சரிவராது, பந்தல் பற்றிவிடும். மருந்தும் அடிக்க முடியாது, இலை கறிக்குப் போகிறது. சவர்க்காரத் தண்ணீரில் சாக்கை நனைத்து, மேலிருந்து வழித்து வாளிக்குள் விழுத்தினேன். வெறுங்கையால் தொடாதீர்கள்.

2. மண்

“முடிஞ்சுதோ?” என்றார் மாஸ்டர்.

“இல்லை மாஸ்டர். முத்தினது மண்ணுக்குள்ளை போயிட்டுது.”

முத்திய புழு மண்ணுக்குள் கூடு கட்டிக் கிடக்கும். மழை பெய்ய அந்துப்பூச்சியாக வெளியே வரும். பந்தல் லைட்டுக்கு வந்து சோற்றில் விழும். பிறகு இலையில் முட்டை இடும். இதைச் சொன்னதும் மாஸ்டர் திரும்பக் கோடரியைப் பார்த்தார்.

மரத்தைச் சுற்றி மண்ணை மேலாகக் கொத்தினேன். விருந்துக்கென்று அடைத்து வைத்த கோழிகளைத் திறந்துவிடச் சொன்னேன். மயிரோடு இருக்கும் புழுவைக் கோழி தொடாது. கூட்டுப்புழுவை விடாது. கிளறிக் கிளறித் தின்றன. மாஸ்டர் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். கோடரி கொட்டிலுக்குப் போனது.

3. விருந்து

கலியாணத்துக்கு முதல்நாள் நல்ல மழை. கலியாணத்தன்று லைட்டடியில் ஒரு பூச்சியும் இல்லை. ஒருவரும் சொறியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோழிக்கறியைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். ரீச்சர் எனக்கும் போட வந்தார்.

“வேண்டாம் ரீச்சர். எனக்கு நண்டு போதும்.”

ரீச்சர் கோழிச் சட்டியைப் பார்த்தார். முருங்கையைப் பார்த்தார்.

“உதைப் பற்றி ஒருத்தரிட்டையும் கதையாதை,” என்று மெல்லச் சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டுக் கோப்பையிலும் நண்டையே போட்டார்.

பூச்சி தின்கிற இடத்தில் மட்டும் தேடாதீர்கள், படுக்கிற இடத்தையும் பாருங்கள். வேலை முடிந்து விருந்துக்கு இருந்தால், கோழி என்ன தின்றது என்று வாய் திறக்காதீர்கள்.