முத்துமாரிக்கு நான் சொல்லித் தந்த மலையாளம்

முத்துமாரி இறந்துவிட்டாள் என்று அவள் மகள் சுமதிதான் போனில் சொன்னாள். மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள், முடிந்தால் சித்தூருக்கு வந்துவிடுங்கள் என்றாள். வைப்பதற்கு முன் ஒன்று கேட்டாள். “அம்மாவுக்கு மலையாளம் சொல்லித் தந்தது நீங்கதானே ஆன்ட்டி? அம்மா அடிக்கடி சொல்லுவாங்க.” ஆமாம் என்றேன். அவளுடைய மெஸ்ஸில் சாப்பிட்டுப் படித்த நீங்கள், அவளை ஆரம்பத்திலிருந்து தெரிந்தவள் என்பதால் அவளைப் பற்றி என்னை எழுதச் சொன்னீர்கள். மகளிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் மேசையில் எனக்கு வேலை. அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. எனக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வடகரப்பதி. வீட்டில் கொங்குத் தமிழ்தான் பேச்சு. ஆனால் ஆஸ்பத்திரியில் அது யாருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். தமிழர்களைப் ‘பாண்டி’ என்று சொல்லி நர்சுகள் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பாமல் இருக்க, அவர்களைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே பேசப் பழகியிருந்தேன்.

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டிலிருந்து முத்துமாரி வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதமும் ஒரு தகரப் பெட்டியும் வைத்திருந்தாள். அப்பா இறந்ததும் எஸ்டேட்டில் அவர்கள் இருந்த லயத்து வீட்டை வேறு தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. இதை முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது, இது எனக்குத் தெரியும் என்பதை நீங்கள் மறக்க வேண்டாம்.

தரை துடைப்பதும் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போவதும் அவள் வேலை. எஸ்டேட்டில் சுற்றிலும் தமிழர்களே என்பதால் மலையாளம் அவளுக்கு வரவில்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது. வண்டியின் நிறத்தை வைத்து அடையாளம் வைத்திருந்தாள். ஒரு மாலை அவள் தவறுதலாக ஒற்றப்பாலம் போகும் வண்டியில் ஏறுவதைப் பார்த்தேன். நர்சுகளோடு நின்றிருந்ததால் கூப்பிடவில்லை. அவள் பாதி வழியில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தே திரும்பினாள். மறுநாள் குதிகால் வெடித்திருந்ததைக் காட்டிவிட்டுச் சொன்னாள்: “பசிச்சா கையக் காட்டிச் சொல்லிரலாம்க்கா. பயமா இருந்தா எதக் காட்ட?”

நான் தமிழ்க்காரி என்பதை வந்த மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கால் இடறியபோது என்னை அறியாமல் “அய்யோ, ஆத்தா” என்றேன். அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே “அக்கா” என்று கூப்பிடுவாள். நர்சுகள் திரும்பிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் முன்னால் என்னோடு பேசாதே என்று ஒரு நாள் கடுமையாகச் சொன்னேன். அவள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் எனக்கு மலையாளம் சொல்லிக் கொடுங்கள், மலையாளத்திலேயே பேசுகிறேன் என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். சிலது சரியாக, சிலது வேண்டுமென்றே தப்பாக. அவள் வாயிலிருந்து அவை வந்து விழும்போது நர்சுகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிக்கிற பக்கத்தில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை அவள் அவசரமாக என் மேசைக்கு வந்தாள். குடல்வால் ஆபரேஷனுக்கு ஒரு பையனை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். நல்லபடியாக முடிந்துவிட்டது, வெளியே அவன் அம்மா மூன்று மணி நேரமாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிறாள், அவளிடம் ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். நான் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்: “எல்லாம் கழிஞ்ஞு.”

எல்லாம் முடிந்தது என்று அதற்குப் பொருள். தப்பான மலையாளம் இல்லை. ஆனால் ஆபரேஷன் அறையின் வாசலில் காத்திருக்கும் ஒரு தாய் அதை எப்படிக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். விளையாட்டாகச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

முத்துமாரி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு, அந்த இரண்டு சொல்லையும் சொன்னாள். அந்த அம்மாள் சத்தமே இல்லாமல் விழுந்தாள். பெஞ்சின் விளிம்பு நெற்றியைக் கிழித்துவிட்டது. அவளுடைய மூத்த மகன் முத்துமாரியை அறைந்தான். அவள் அதே சொற்களைத் திரும்பவும் சொன்னாள், சரியாகக் கேட்கவில்லையோ என்று. அவன் இன்னொரு முறை அறைந்தான். டாக்டர் வெளியே வந்து பையன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லும் வரை நான் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் விசாரணைக்குக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. முத்துமாரி என்னை அக்கா என்று கூப்பிடுவதை எல்லோரும் கேட்டிருந்ததால், அவள் சொல்வதை மலையாளத்தில் சொல்ல என்னையே நிற்க வைத்தார்கள். யார் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது என்று மேனேஜர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அவள் கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“நீங்க சொல்லித் தந்ததத்தானக்கா சொன்னேன். அத அவர்ட்டச் சொல்லிருங்க.”

நான் மேனேஜர் பக்கம் திரும்பி, தெற்று தன்னுடையதுதான், மன்னிக்க வேண்டும் என்கிறாள் என்று மலையாளத்தில் சொன்னேன்.

தப்பு என்பதற்கு மலையாளத்தில் தெற்று. வார்டு சிஸ்டர் அவளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தச் சொல்லால் ஏசியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த மலையாளச் சொற்களில் அது ஒன்று. அவள் முகத்தில் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அவளைத் தகரப் பெட்டியோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் சித்தூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்ததும், ஒன்றாம் வகுப்பு மலையாளப் பாடப் புத்தகத்தை அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றதும், பிறகு அந்த மெஸ்ஸையே எடுத்து நடத்தியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. எஸ்டேட்டிலிருந்து புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளிடம் அவள் சொல்வதை நீங்கள் சிரித்துக்கொண்டே எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறீர்கள். “யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லித் தந்தா, இன்னொருத்தர்ட்டக் கேட்டுட்டு அப்புறம் பேசு.” அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எட்டு வருடம் கழித்து அவளைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்காகத் தமிழில் தயார் செய்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “ஊணு கழிஞ்ஞோ?” என்றாள். சாப்பாடு ஆயிற்றா என்று யாரும் யாரையும் கேட்கும் கேள்விதான். இலை போட்டுப் பரிமாறினாள். பிறகு நான் போன போதெல்லாம் அப்படித்தான். வடகரப்பதிக்காரர் யார் வந்தாலும் தமிழில் பேசிச் சிரிப்பவள், என்னிடம் மட்டும் சுத்தமான மலையாளத்தில் பேசினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு நாளும் அது மாறவில்லை.

போன மாதம் அவள் படுத்த படுக்கையாக இருந்தபோது போய், தமிழில் ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிடு முத்து என்று கேட்டேன். அவள் சுமதியைப் பார்த்தாள். “இவுக ரொம்ப நேரமா உக்காந்திருக்காக. காப்பி போட்டுக் குடு” என்றாள். என்னைப் பற்றித்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை.

என்னிடம் அவள் பேசிய தமிழ் அந்த மேனேஜர் அறையோடு முடிந்துவிட்டது. அந்தக் கடைசி வாக்கியத்தில் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் வாய் திறப்பதற்கு முந்திய அந்த ஒரு நொடியில், உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் அவள் அப்படிக் கூப்பிட்டாள். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த அக்கா மட்டும்தான்.