கூரையில் முட்டிய கொடி

இன்று எங்கள் ஊர் மாதா கோவிலில் திருவிழாக் கொடியேற்றம்.

ரப்பர் தோட்டத்து ஜனங்கள் கல் சுமந்து கட்டிய சின்னக் கோவில். வாசலுக்கு மேலே வட்டமாக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல். இருக்கிற அழகு அது ஒன்றுதான். போன மாதம் அதையும் மறைத்து, முன்னால் ஜிங்க் தகரத்தில் கூரை போட்டார்கள். மழைக்காம்.

வாசலில் நிற்கும் கொடிமரம் இப்போது அந்தக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. கூரை போடுமுன் நடந்த கோவில் கூட்டத்திலேயே, கொடி எப்படி ஏறும் என்று கேட்டேன்.

"கயித்துக்கு ஓட்ட விட்டிருக்குலா அக்கா, கவலப்படாதீங்க" என்றார் கட்டடக் குழுத் தலைவர்.

இன்று ஃபாதர் கொடியை மந்திரித்தார். சிலிபின் ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். தலைவர் கயிற்றை இழுத்தார். மாதா படம் போட்ட கொடி மெல்ல ஏறி, ஜிங்க்கில் முட்டி நின்றது.

"கயித்துக்கு ஓட்ட இருக்கு. கொடிக்கு?" என்றார் ஃபாதர்.

"இப்படியே விட்டுடலாம் ஃபாதர்" என்றார் தலைவர்.

"பாதியில நின்னா யாரு செத்தான்னு கேப்பாங்க" என்றேன்.

கொடி ஏறாமல் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் தொடங்காது. ஏணி வந்தது. தகரம் வெட்டும் கத்தரி வந்தது. சாப்பாட்டு மேசை அகலத்துக்குக் கூரையை வெட்டினார்கள். கொடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் மழையும் வந்தது. மழைக்காகப் போட்ட கூரையின் கீழே நனைந்துகொண்டே ஜெபமாலை சொன்னோம்.

முடிந்ததும் தலைவர் என்னிடம் வந்தார்.

"ஒன்னும் இல்லலா அக்கா. அந்த ஓட்டைக்கு மேல சின்னதா ஒரு கூரை போட்டுடலாம்."

அடுத்த கூட்டத்துக்கு என்னோடு யார் வருகிறீர்கள்? தனியாகப் போனால் சண்டைதான் வரும்.